பழைய வயலின்களின் வயதும் விலையும்

கி.பி. 1685ஆம் ஆண்டில், இத்தாலியின் மொடேனா என்னும் சிற்றரசில் வாழ்ந்த தொமாசோ விட்டாலி என்ற இசைவாணர், தம் கோமகனுக்கு ஒரு முறைப்பாடு எழுதினார். அவர் 12 பொற்காசு கொடுத்து வயலின் ஒன்றை வாங்கியிருந்தார். அதனுள்ளே ஒட்டப்பட்டிருந்த சீட்டு, அது கிரெமோனா நகரத்து நிக்கோலோ அமாத்தியின் கைவேலை எனக் கூறிற்று. ஆனால், அச்சீட்டின் கீழே வேறொரு சீட்டு மறைந்திருப்பதை விட்டாலி பின்னர் கண்டார். அதிலே பிரான்செஸ்கோ ருஜேரி என்பவரின் பெயர் இருந்தது. ருஜேரியின் வயலினுக்கு அக்காலத்திற் கிடைத்த விலை, மிஞ்சினால் 3 பொற்காசே. மேலொட்டிய ஒரு துண்டுக் கடதாசிக்காக அவர் 9 பொற்காசு அதிகமாகக் கொடுத்துவிட்டார்.

இம் முறைப்பாடு எழுதப்பட்ட காலத்தை நோக்குக. நிக்கோலோ அமாத்தி இறந்தது 1684ஆம் ஆண்டில். அவர் மறைந்து ஓராண்டளவிலேயே, அவருடைய பெயர் பிறருடைய வேலையின் மீது ஒட்டப்பட்டு விலைபோயிற்று. உலகப் புகழ்பெற்ற அந்தோனியோ ஸ்திராடிவாரி அந்நாளில் உயிரோடிருந்தார். அவருடைய மிகச் சிறந்த படைப்புக்கள் இன்னும் செய்யப்படவே இல்லை. ஆகவே, பழைய வயலின் வாணிகமும் அதனைச் சூழ்ந்த ஐயமும் ஏறக்குறைய ஒரே வயதுடையவை எனலாம்.

இன்று இவ் வாணிகம் இணையத்திற்கு வந்துவிட்டது. வீட்டிலிருந்தபடியே, உலகின் எந்த மூலையிலுமுள்ள ஒருவர் விற்பனைக்கு வைத்த வயலினின் படத்தைப் பார்த்து விலை கூற முடிகிறது. “பாட்டனாரின் பெட்டகத்திற் கண்டெடுத்தது, உள்ளே ஸ்திராடிவாரி என்ற பெயரும் 1721 என்ற ஆண்டும் காணப்படுகின்றன” என்பது போன்ற குறிப்புக்கள் அங்கே மலிந்து கிடக்கின்றன. இக்குறிப்பை எழுதியவர் பொய்யராக இருக்கவேண்டும் என்பதில்லை. அவர் கண்டதையே கூறியிருக்கலாம். ஆயினும், அச்சீட்டு எதற்குச் சாட்சி, எதற்குச் சாட்சியன்று என்பதை அறியாதவர், விற்பவராயினும் வாங்குபவராயினும், ஏமாற்றத்துக்கு ஆளாவர். சீட்டு, மரம், ஆவணம் என்னும் மூன்று சாட்சிகளும் எவ்வளவு தூரம் நம்பத்தக்கவை என்பதை வரலாற்றின் துணைகொண்டு ஆராய்வதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதலிற் சீட்டை எடுத்துக்கொள்வோம். ஸ்திராடிவாரி ஏறக்குறைய 1644இற் பிறந்து 1737இல் மறைந்தவர். தொண்ணூறு வயதைக் கடந்தும் தொழில் செய்த அப்பெருங் கைவினைஞர் ஆயிரத்துக்கு மேற்பட்ட வாத்தியங்களைச் செய்தார் என்றும், அவற்றுள் 650 அளவில் இன்று எஞ்சியுள்ளன என்றும் மதிப்பிடுவர். தாம் செய்தவற்றினுள்ளே, தம் பெயரையும் ஊரையும் இலத்தீன் மொழியில் அச்சிட்டு, ஆண்டின் இறுதி எண்களைக் கையால் எழுதிய சிறு சீட்டை அவர் ஒட்டினார். அவ்வளவில் அஃது உண்மைச் சீட்டு. ஆனால், அதே வாசகத்தைத் தாங்கிய சீட்டுக்கள் பிற்காலத்தில் எண்ணிறந்த வயலின்களுள் ஒட்டப்பட்டன.

அவ்வயலின்கள் எங்கே தோன்றின? பிரான்சின் கிழக்கே வோஜ் மலைப்பகுதியிலுள்ள மீர்கூர், ஜேர்மனியின் தெற்கே பவேரியாவிலுள்ள மிட்டன்வால்ட், சாக்சனியிலுள்ள மார்க்நொய்கிர்ஹன், அதன் எல்லைக்கு அப்பால் பொகீமியாவிலுள்ள ஷோன்பாக் ஆகிய ஊர்கள் வயலின் தொழிலால் வாழ்ந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில், சிறப்பாகச் சாக்சனியிலும் பொகீமியாவிலும், இத்தொழில் வீடுதோறும் பங்கிடப்பட்டது. ஒரு வீட்டார் தலைச்சுருளை மட்டும் செதுக்குவர். மற்றொரு வீட்டார் முகப்பலகையையும் முதுகுப் பலகையையும் இழைப்பர். வேறொருவர் வில் செய்வர். வணிகர் இவ்வுறுப்புக்களை வாங்கிப் பொருத்தி, வார்னிஷ் பூசி, டசின் கணக்கில் ஏற்றுமதி செய்தனர். அவ்வாணிகம் எத்துணைப் பெரியது என்பதற்கு ஒரு சான்று கூறலாம்: மார்க்நொய்கிர்ஹன் என்ற அச்சிறு பட்டினத்தில் ஐக்கிய அமெரிக்கா 1893ஆம் ஆண்டில் தன் துணைத்தூதரகம் ஒன்றையே திறந்தது.

இந்த வயலின்களைச் செய்தோர் மாதிரிக்கு எடுத்துக்கொண்டவை பழம்பெரும் ஆசான்களின் வடிவங்கள். ஸ்திராடிவாரியின் வடிவத்தைப் பின்பற்றியதற்கு அவருடைய சீட்டும், அமாத்தியின் வடிவத்துக்கு அமாத்தியின் சீட்டும், தைரோல் நாட்டு யாக்கோப் ஸ்டைனரின் வடிவத்துக்கு அவருடைய சீட்டும் ஒட்டப்பட்டன. சில வயலின்களின் முதுகிலே ஸ்டைனர் என்ற பெயர் சூடிட்டுப் பொறிக்கப்பட்டிருப்பதையும் காணலாம். அதுவும் வணிக வயலினின் அடையாளமே. அமெரிக்காவின் சியர்ஸ் ரோபக் கொம்பனி போன்ற தபால்வழி விற்பனையாளர்கள், “ஸ்திராடிவாரி மாதிரி” என வெளிப்படையாகவே விளம்பரஞ் செய்து, சில டொலர்களுக்கே இவற்றை விற்றனர். வாங்கியவருக்கும் அது மாதிரி என்பது தெரிந்திருந்தது. அவரும் இறந்து, விற்பனைப் பட்டியலும் மறைந்து, பேரப்பிள்ளையின் கையில் வயலினும் சீட்டும் மாத்திரம் எஞ்சிய பின்னரே மாதிரி மூலமாக மாறிற்று. வாசிங்டனிலுள்ள சிமித்சோனியன் நிறுவனம் இத்தகைய விசாரணைகளுக்குப் பொது விளக்கம் ஒன்றையே வெளியிட்டுள்ளது. ஸ்திராடிவாரி சீட்டு இருப்பதால் மட்டும் ஒரு வயலின் அவருடையதென்று கொள்ள இடமில்லை என்பதே அதன் சாரம்.

அவ்வாறாயின், சீட்டினால் யாதொரு பயனும் இல்லையோ எனின், உண்டு. செய்தவர் யார் என்பதற்குச் சாட்சி கூறாத சீட்டு, சில வேளைகளில் எந்நாளுக்குப் பின்னர் அது அச்சாயிற்று என்பதற்கு நல்ல சாட்சி கூறும். இங்கே நமக்கு உதவுவது இசை வரலாறன்று, சுங்க வரலாறு. பிரித்தானியா 1887இல் இயற்றிய வணிகக் குறிச் சட்டம், அந்நியப் பண்டங்கள் உள்நாட்டுப் பண்டங்களாகத் தோன்றி மயக்குவதைத் தடுக்க முற்பட்டது. ஐக்கிய அமெரிக்கா 1890இல் இயற்றிய மக்கின்லி தீர்வைச் சட்டம், இறக்குமதிப் பண்டங்கள் எந்நாட்டிலிருந்து வந்தன என்பதை ஆங்கிலத்திற் குறிக்கவேண்டும் என விதித்தது; அவ்விதி 1891 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தது. எனவே, ஸ்திராடிவாரியின் பெயருக்கும் 1721 என்ற ஆண்டுக்கும் கீழே ஜேர்மனி என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருப்பின், அச்சீட்டு பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையோ அதற்குப் பிற்பட்ட காலத்தையோ சார்ந்தது. செக்கோசுலோவாக்கியா என்ற பெயர் காணப்பட்டால், அந்நாடு 1918இலேயே உருவாகி, 1992இன் இறுதியோடு இரண்டாகப் பிரிந்தது என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். மேற்கு ஜேர்மனி என்ற பெயர் 1949க்கு முன்னர் இருந்திருக்க முடியாது. ஆனால், நாட்டின் பெயர் இல்லை என்பதனால் மட்டும் வயலின் பழையது ஆகிவிடாது. அச்சட்டங்கள் செல்லாத நாடுகளில் விற்கப்பட்டவையும் உண்டு. வேண்டுமென்றே அவ்வரியைக் கத்தரித்தவர்களும் உண்டு.

அடுத்த சாட்சி வயலினின் உடல். கடதாசியை மாற்றுவது எளிது; உடலை முற்றாக மாற்றுவது அரிது. அதனாற்றான், தேர்ந்த நிபுணர் சீட்டைக் கடைசியாகவே பார்க்கின்றனர்.

வயலினின் கழுத்தை நோக்குவோம். ஏறக்குறைய 1800ஆம் ஆண்டுவரை செய்யப்பட்ட வயலின்களின் கழுத்து இன்றையதிலும் சற்றுக் குறுகியது. உடலோடு ஏறக்குறைய நேராகப் பொருத்தப்பட்டது. இசையரங்குகள் பெரியனவாகி, சுருதி உயர்ந்து, தந்திகளின் இழுவிசை கூடிய காலத்தில், அக்கழுத்துக்கள் அகற்றப்பட்டு, நீண்டு பின்சாய்ந்த புதிய கழுத்துக்கள் பொருத்தப்பட்டன. பழைய ஆசானின் செதுக்கு வேலையான தலைச்சுருளை இழக்க மனமில்லாதவர்கள், அதனை மட்டும் வெட்டியெடுத்துப் புதிய கழுத்தில் ஒட்டிச் சேர்த்தனர். ஆகவே, பிரடைகள் செருகப்படும் பெட்டியின் அருகே ஒட்டுக்கோடு காணப்படுவது, வயலின் அம்மாற்றத்துக்கு முற்பட்டதாக இருக்கலாம் என்பதற்கு ஓர் அறிகுறி. “இருக்கலாம்” என்ற சொல்லை இங்கே வலியுறுத்தல் வேண்டும். இவ்வறிகுறியை அறிந்த வணிகர் சிலர், ஒட்டே இல்லாத கழுத்தில் ஒட்டுப்போலக் கோடு கீறியும் வைத்தனர். பழைய கழுத்து உடைந்ததனாற் புதியது ஒட்டப்பட்ட அண்மைக்கால வயலின்களும் உள.

இனி, முகப்பிலுள்ள ஒலித்துளைகளின் வழியே சிறு கண்ணாடியையோ ஒளிக்குழாயையோ செலுத்தி உட்புறத்தைக் காணலாம். கிரெமோனா ஆசான்கள் உள்ளே ஓர் அச்சை வைத்து, அதனைச் சுற்றி விலாப் பலகைகளை வளைத்து, நான்கு மூலைகளிலும் மரக்கட்டைகளைப் பொருத்திச் செய்தனர். சாக்சனி வீடுகளிற் செய்யப்பட்ட மலிவான வயலின்கள் பலவற்றில் அம்மூலைக்கட்டைகள் இல்லை. அல்லது பெயருக்கு ஒரு சிறு துண்டு மட்டுமே ஒட்டப்பட்டிருக்கும். முகப்பலகையின் உட்புறத்தே தந்திகளின் பாரத்தைத் தாங்கும் சட்டத்தை, நல்ல வேலையாளர் தனியே செய்து ஒட்டுவர். மலிவான வேலையில் அப்பலகையிலேயே ஒரு பகுதியைச் செதுக்காது விட்டுவிடுவர். வயலினின் ஓரத்தைச் சுற்றிச் செல்லும் கருங்கோடும் இவ்வாறே உண்மை பேசும். சிறந்த வயலினில் அது மரத்தினுள் வெட்டிய பள்ளத்திற் பதிக்கப்பட்ட மெல்லிய மரப்பட்டிகளால் ஆனது. மிக மலிவானதில் மையினாற் கீறியது.

தேய்மானமும் ஒரு மொழி. பல தலைமுறைகள் வாசித்த வயலினில், வாசிப்பவரின் கையும் தாடையும் படுகின்ற இடங்களிலேயே வார்னிஷ் தேய்ந்திருக்கும். எவருடைய கையும் படாத மூலைகளிற் தேய்மானமும், கை படவேண்டிய இடங்களிற் புதுமையும் காணப்பட்டால், அத்தேய்மானம் பட்டறையில் உண்டாக்கப்பட்டது என ஐயுறலாம். புதிய வயலினுக்குப் பழமைக் கோலம் கொடுப்பது அக்காலத்தில் வெட்கப்படவேண்டிய செயலாகக் கருதப்படவில்லை. வாங்குவோர் பழமையை விரும்பினர்; செய்வோர் அதனைக் கொடுத்தனர்.

இக்கலையில் உச்சத்தை எட்டியவர் ஜான் பத்தீஸ்த் வியோம் என்னும் பிரெஞ்சுக்காரர். மீர்கூரில் 1798இற் பிறந்து, பாரிசிற் பட்டறை அமைத்து, 1875இல் மறைந்தவர் அவர். பகனீனி என்னும் பெருங் கலைஞர் வாசித்த குவார்னெரியின் 1743ஆம் ஆண்டு வயலினை அவர் பிரதிசெய்தபோது, உரியவரே கண்ணாற் பார்த்து எது மூலம் என்று அறியாது திகைத்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. மூலமும் அப்பிரதியும் இன்று ஜெனோவா நகரத்தின் உடைமைகளாக உள்ளன.

இத்தகைய வல்லுநரின் கையினூடாக வந்தமையாற்றான், உலகின் மிகப் பெயர்பெற்ற வயலின்களுள் ஒன்றே ஐயத்துக்கு உள்ளாயிற்று. ஒக்ஸ்போர்டிலுள்ள அஷ்மோலியன் நூதனசாலையில், “மெசியா” என்ற பெயருடைய வயலின் கண்ணாடிப் பேழையுள் வைக்கப்பட்டுள்ளது. அதன் சீட்டிலுள்ள ஆண்டு 1716. வாசிக்கப்படாமலே காக்கப்பட்டமையால் நேற்றுச் செய்தது போலத் தோன்றும் அவ்வயலின், ஸ்திராடிவாரியின் மைந்தர் பாவோலோவிடமிருந்து கோசியோ பிரபுவுக்கும், அவரிடமிருந்து லுய்ஜி தரீசியோ என்னும் வணிகருக்கும் சென்றது என்பர். தரீசியோ இத்தாலியெங்கும் அலைந்து பழைய வயலின்களைத் திரட்டிப் பாரிசுக்குக் கொண்டுசென்று விற்றவர். தம்மிடமுள்ள அற்புத வயலினைப் பற்றி அங்கே ஓயாது பேசுவார். ஆனால் ஒருநாளும் அதனைக் கொண்டுவந்து காட்டியதில்லை. வருவார் வருவார் என்று காத்திருந்தும் வாராத மெசியாவைப் போன்றது அவ்வயலின் என ஒருவர் எள்ளிக் கூறியதாலேயே அப்பெயர் அதற்கு வாய்த்தது. தரீசியோ 1854இல் இறந்தபின், வியோம் விரைந்து சென்று அவருடைய உறவினரிடமிருந்து நூற்றுக்கு மேற்பட்ட வாத்தியங்களை வாங்கினார்; மெசியாவும் அவற்றுள் அடங்கும்.

1990களின் இறுதியில், இவ்வயலின் ஸ்திராடிவாரியின் வேலைதானா, வியோமின் வேலையா என்ற வினா எழுந்தது. தீர்ப்புக் கூற அழைக்கப்பட்ட சாட்சி மரமே. வயலினின் முகப்பலகை ஸ்புரூஸ் என்னும் ஊசியிலை மரத்தால் ஆனது. அம்மரம் ஆண்டுக்கொரு வளையமாக வளரும். நல்ல பருவத்தில் வளையம் அகலும், கடுங் குளிராண்டிற் குறுகும். ஒரே மலைப்பிரதேசத்து மரங்கள் யாவும் ஏறக்குறைய ஒரே அகல குறுகல் வரிசையைக் காட்டும். ஆல்ப்சு மலைப்பகுதிகளின் மரங்களைக்கொண்டு நூற்றாண்டுக் கணக்கிலே தொகுக்கப்பட்ட அட்டவணைகளோடு முகப்பலகையின் வரிகளை ஒப்பிட்டால், அதிலுள்ள கடைசி வளையம் எந்த ஆண்டில் வளர்ந்தது என்பதை அறியலாம்.

மெசியாவின் புகைப்படங்களைக்கொண்டு செய்த முதற் கணிப்பு ஒன்று, ஸ்திராடிவாரி மறைந்ததற்குப் பிற்பட்ட ஆண்டைக் காட்டியது. அது உண்மையாயின் வழக்கு அன்றே முடிந்திருக்கும். ஆனால், வயலினையே நேரில் அளந்து ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவு, கடைசி வளையம் 1682ஐச் சேர்ந்தது என்றது. பின்னர் அமெரிக்க மரவளைய அறிஞர் குழுவொன்று மீண்டும் நேரில் ஆராய்ந்து 1687 எனக் கூறியது. இரண்டு முடிவுகளும் சீட்டிலுள்ள 1716ஆம் ஆண்டோடு பொருந்துகின்றன. படத்தைப் பார்த்துக் கூறிய தீர்ப்புக்கும் பொருளைப் பார்த்துக் கூறிய தீர்ப்புக்கும் இடையே இத்துணை வேறுபாடு அறிஞருக்கே நேர்ந்ததென்றால், இணையத்திற் சில படங்களைக் கண்டு விலை கூறுவோர் எவ்வளவு எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மரவளையச் சாட்சியின் எல்லையையும் அறிதல் அவசியம். இம்மரம் இன்ன ஆண்டில் இன்னும் நின்று வளர்ந்தது என்றே அது கூறும். அதற்குப் பின் எப்போது வெட்டப்பட்டது, எத்தனை ஆண்டு உலர வைக்கப்பட்டது, யாருடைய உளி அதனைத் தொட்டது என்பன பற்றி அது வாய் திறவாது. கடைசி வளையம் 1850ஐச் சேர்ந்ததாயின், அம்முகப்பலகை ஸ்திராடிவாரியுடையது அன்று என ஐயமின்றி முடிவு செய்யலாம். 1690ஐச் சேர்ந்ததாயின், அது அவருடையதாக இருக்கத் தடையில்லை என்ற அளவிலேயே நிற்கவேண்டும். ஏனெனில், பழைய கட்டடங்களிலிருந்து எடுத்த மரத்தைக்கொண்டு பிற்காலத்தவரும் வயலின் செய்ததுண்டு. மறுப்பதில் வலிமையும், நிறுவுவதில் மென்மையும் உடைய சாட்சி இது.

மூன்றாவது சாட்சி ஆவணம். ஒரு வயலின் யார் கையிலிருந்து யார் கைக்கு, எவ்வாண்டில், என்ன விலைக்குச் சென்றது என்னும் தொடர் அறுபடாதிருப்பின், அது பெரும் பலம். மேற்கூறிய கோசியோ பிரபு (1755–1840) தாம் கண்ட வயலின்களின் அளவுகளையும் அடையாளங்களையும் விரிவாக எழுதி வைத்தார். அக்குறிப்புக்கள் இன்றும் ஆய்வாளருக்குக் கைவிளக்காக உள்ளன. பின்னர் இலண்டனில் ஹில் சகோதரர் வயலின்களை ஆராய்ந்து சான்றிதழ் வழங்கினர். ஸ்திராடிவாரியின் வாழ்வையும் பணியையும் பற்றி அவர்கள் 1902இல் வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று. மெசியாவை நூதனசாலைக்கு அளித்தவர்களும் அவர்களே.

ஆனால், இங்கும் ஒரு சிக்கல் உண்டு. வயலின்களை மதிப்பிடும் அறிவு, நெடுங்காலமாக அவற்றை விற்போரிடமே தங்கியிருந்தது. நீதிபதியும் வழக்காளியும் ஒருவரே ஆகும்போது தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுவது இயல்பு. வியன்னாவிலே பெரும் வணிகராயிருந்த டீட்மார் மகோல்ட் என்பவர் மோசடிக் குற்றத்துக்காக 2012இல் 6 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். ஸ்திராடிவாரியின் வயலின்கள் எனக் கூறி வங்கிக்கு அவர் ஈடுவைத்தவை அத்தகையன அல்ல என்பது பின்னரே வெளியாயிற்று. வங்கி நம்பியது மரத்தையன்று, மதிப்பிட்டவரின் பெயரை. மொடேனாவின் விட்டாலி கடதாசியில் அச்சிட்ட பெயரை நம்பியதற்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. சான்றிதழ் என்பதும் ஒருவருடைய அபிப்பிராயமே. அவர் யார், அவருக்கு அவ்விற்பனையில் ஆதாயம் உண்டா, எந்த ஆதாரத்தைக் காட்டுகிறார் என்று கேட்டறிவது வாங்குபவரின் கடமை.

இதுவரை வயதைப் பற்றிப் பேசினோம். வயதும் விலையும் ஒன்றல்ல. இருநூறு ஆண்டு பழமையான எளிய வயலின் சில நூறு டொலருக்கு விலைபோகலாம்; இருபதாம் நூற்றாண்டின் நல்ல ஆசான் ஒருவரின் வயலின் அதனிலும் பன்மடங்கு பெறலாம். விலையை முதன்மையாக நிர்ணயிப்பது செய்தவரின் பெயர், அடுத்தது பழுதின்மை. முதுகுப் பலகையில், உள்ளே நிற்கும் சிறு தூணுக்கு நேரே வெடிப்பு இருப்பின், வயலினின் விலை பெரிதும் வீழ்ந்துவிடும்.

பெயரின் மதிப்பும் காலத்தோடு மாறுவதே. பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் பல பாகங்களிலும் ஸ்டைனரின் வயலின்களே ஸ்திராடிவாரியினுடையவற்றிலும் அதிகமாக விரும்பப்பட்டன. வியோட்டி என்னும் இத்தாலியக் கலைஞர் 1782இற் பாரிசில் அரங்கேறி, பின்னர் ஸ்திராடிவாரியின் வயலினைக்கொண்டு புகழ் நிறுவியதும், பெரிய அரங்குகளை நிறைக்கும் ஒலியை மக்கள் நாடியதும் சேர்ந்து அந்நிலையை மாற்றின. பைரன் கவிஞரின் பேர்த்தியான ஆன் பிளண்ட் சீமாட்டி ஒருகாலத்தில் வைத்திருந்த 1721ஆம் ஆண்டு ஸ்திராடிவாரி வயலின், 1971இல் இலண்டன் ஏலத்தில் 84,000 பவுணுக்கு விற்கப்பட்டது. அதே வயலின் 2011இல் 15.9 மில்லியன் அமெரிக்க டொலருக்கு விலைபோயிற்று. இணையவழி ஏலத்திலேயே அவ்விற்பனை நடந்தது என்பதும், கிடைத்த பணம் அவ்வாண்டு சப்பானில் நேர்ந்த கடல்கோள் நிவாரணத்துக்கு வழங்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கன. அன்று 3 பொற்காசே பெறும் என்று இகழப்பட்ட ருஜேரியின் வயலினும் இன்று பெருஞ்செல்வரே வாங்கத்தக்க பொருளாகிவிட்டது.

இவ்விலை ஒலிக்காகக் கொடுக்கப்படுகிறதா? இதனையும் அறிவியலார் சோதித்தனர். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில் 2010இல், தேர்ந்த வயலின் கலைஞர் 21 பேர், கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிந்து, 3 பழைய இத்தாலிய வயலின்களையும் 3 புதிய வயலின்களையும் வாசித்துப் பார்த்தனர். எது பழையது, எது புதியது என்பதைப் பெரும்பாலோரால் அறிய முடியவில்லை. விருப்பத்திலும் புதியவை பின்னிற்கவில்லை. பாரிசுக்கு அருகே 2012இல், தனிவாசிப்பிற் புகழ்பெற்ற 10 கலைஞரைக்கொண்டு நடத்திய சோதனையும் இதனையே காட்டிற்று. பழைய ஆசான்களின் வேலை தாழ்ந்தது என்பது இதன் பொருளன்று. முந்நூறு ஆண்டு கழிந்தும் இன்றைய சிறந்த வேலைக்கு அளவுகோலாக நிற்பதே அவர்களின் பெருமை. ஆனால், கோடிக்கணக்கான பணம் கொடுக்கப்படுவது அருமைக்கும் வரலாற்றுக்கும் பெயருக்கும் என்பதை உணர்தல் வேண்டும்.

நம் இசை மரபும் இதற்கு ஒரு பக்கச் சான்று தருகின்றது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பியாராகிய பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858) சென்னையில் ஐரோப்பிய முறை வயலினைக் கற்று, அதனைக் கருநாடக இசைக்குரியதாக்கினார். தஞ்சை நால்வருள் ஒருவராகிய வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்தார். இவ்வயலினை நாம் மதிப்பது கிரெமோனாவின் பெயருக்காகவன்று. அது யாருக்கு, யாரால், எதற்காக வழங்கப்பட்டது என்பதற்காகவே. வாத்தியத்துக்கு வரலாறு அளிக்கும் மதிப்பு, சந்தை அளிக்கும் மதிப்பினின்றும் வேறானது.

இணையத்திற் பழைய வயலின் வாங்க எண்ணும் அன்பர்களுக்குச் சில கூறி முடிப்போம். ஏலப்பட்டியலின் சொற்களை நிதானமாக வாசிக்கவேண்டும். “இன்னாருடைய வேலை” என்பது வேறு; “இன்னாருடையதாகக் கருதப்படுவது” என்பது வேறு; “இன்னாருடைய சீட்டைக் கொண்டது” என்பது முற்றிலும் வேறு. இறுதியிற் கூறியது, உள்ளே ஒரு கடதாசி இருக்கின்றது என்பதற்கு மேல் எவ்வித உறுதியும் தருவதில்லை. தலைச்சுருள், பிரடைப்பெட்டியின் ஒட்டு, விலாப் பலகைகள், மூலைகள், முதுகு, உட்புறம் ஆகியவற்றின் தெளிந்த படங்களைக் கேட்டுப் பெறவேண்டும். அவற்றைத் தர மறுப்பவரிடம் வாங்காமை நன்று. திருப்பி அனுப்பும் உரிமை எழுத்தில் இருத்தல் வேண்டும். உடலின் நீளம் 356 மில்லிமீற்றரளவில் இருக்கின்றதா, அன்றிச் சிறுவருக்கான அளவா என்பதையும் அறியவேண்டும். பழுது பார்க்கும் செலவு வாங்கிய விலையையே மிஞ்சக்கூடும் என்பதையும் கணக்கிற் சேர்க்கவேண்டும். பெட்டியிற் கிடக்கும் வில்லை அலட்சியஞ் செய்தலும் ஆகாது. பழைய பிரெஞ்சு வில் ஒன்று, தன்னோடு கிடக்கும் வயலினிலும் பன்மடங்கு விலை பெறுவதுண்டு.

வீட்டிலே ஸ்திராடிவாரியின் பெயர் தாங்கிய பழைய வயலின் இருப்பவர்கள், அது சாக்சனியின் ஒரு வீட்டுத் திண்ணையிலே பிறந்தது என்று தெரிந்தால் மனம் சோரவேண்டியதில்லை. அதன் சுருளைச் செதுக்கியவரின் பெயரை எந்தச் சீட்டும் கூறாது. ஆயினும் அவரும் ஒரு கைவினைஞரே. அவர் செய்தது வாசிப்பதற்கென்றே செய்யப்பட்டது. வெடிப்பை ஒட்டி, குதிரையைச் சீர்செய்து, புதிய தந்தி பூட்டி, கற்கும் பிள்ளை ஒன்றின் கையிற் கொடுத்தால், அவ்வயலின் பிறரொருவருடைய பெயரின் துணையின்றியே தன் பயனை அடையும்.